தலையைக் குனியுங்க, சாமி!

நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியன். சபரிமலைக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால், "பஸ்ஸில் போனீங்களா, நடந்தே போனீங்களா சார்?" என்று என்னை நிறுத்திக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. பம்பை வரையில் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் மலையேறிச் சாமி பார்ப்பது ஒரு வழி. பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. எருமேலியில் தொடங்கிக் காட்டையும் மலைகளையும் கடந்து கால்நடையாகவே போவது இன்னொரு வழி. அதற்குப் பெருவழி என்று பெயர். சுமார் 40 கிலோமீட்டர் தூரம். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நான் அந்த வழியில் நடந்தேன். அந்த நடையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை எழுத வேண்டுமானால் என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் போனதற்குக் காரணம் என் மனைவி. 2018-இல் அவளுக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது, "ஐயப்பா, இவளைப் பிழைக்க வை, உன் மலைக்கு நடந்தே வருகிறேன்" என்று வேண்டிக் கொண்டேன். அவள் நல்லபடியாக வீடு திரும்பினாள். பிறகு நான் வேண்டுதலைச் சொன்னபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "வேண்டுதல் எனக்காக. போறது மட்டும் நீங்களா?" என்றாள்.

பத்து வயதுக்கு மேல் ஐம்பதுக்குள் இருக்கும் பெண்கள் அந்த மலைக்குப் போவதில்லை என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தடை செல்லாது என்று 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அதன்பின் கேரளமே கொந்தளித்ததும், 2019 நவம்பரில் அந்த விவகாரம் பெரிய அமர்வுக்குப் போனதும் செய்தியாக வந்தவைதாம். சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். மாலையைப் போட்டது நான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளித்து, தனியே சட்டி பானை வைத்து, நாற்பத்தோரு நாளும் விரதச் சோறு பொங்கியது அவள். பாதி நடை அவளுடையது.

எங்கள் தோட்டத்திலிருந்து ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் போவார்கள். அவர்களுக்குக் குருசாமி, செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிறவர். எல்லாரும் அவரை டிராக்டர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இளம் வயதில் அவர் கித்தா மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு டிராக்டருக்குப் போனார். மலைக்குப் பதினெட்டு முறைக்கு மேல் போனவர்.

ஐயப்பன் வழிபாட்டில் குருசாமி ஆவதற்குச் சாதி வேண்டாம், படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். எத்தனை முறை மலைக்குப் போனார் என்பதுதான் கணக்கு. முதன்முறை போகிறவன் கன்னிசாமி. அவன் தோட்ட நிர்வாகியாகவே இருந்தாலும் குருசாமி காலில் விழுந்துதான் மாலை வாங்கிக் கொள்ள வேண்டும்.

தீபாவளி முடிந்த மறுவாரம், தோட்டத்துக் கோயிலில் நான் டிராக்டர் அண்ணன் காலில் விழுந்தேன். விழுந்தவன் சட்டென்று எழவில்லை. பக்தி என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். பக்தி அல்ல. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

காரணத்தைச் சொல்கிறேன்.

அது 2011. யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது. பெற்றோர்களை அழைத்து ரிப்போர்ட் கார்டு கொடுக்கும் நாள். டிராக்டர் அண்ணன் வேலை உடுப்போடு வந்திருந்தார். மகன் அவருடைய சட்டையைப் பிடித்துக் கொண்டு நின்றான். அந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்கு ஏழு 'ஏ' வாங்கிக் கொடுப்பது என்பதே எனக்கு இராப்பகல் நினைவு. அவன் கார்டில் எல்லாம் சிவப்பு மை. நான் சொன்னேன்: "இவனுக்குப் படிப்பு ஏறாது அண்ணே. ஏன் வீணாப் பாடுபடுறீங்க? தோட்டத்துக்கு இன்னொரு டிராக்டர்காரன் வேணுமில்ல?"

பின்னால் வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். கையெழுத்துப் போட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. கம்பு எடுத்து அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. அன்று மாலைக்குள் நானே மறந்துவிட்டேன். அந்தப் பையன் இடைநிலைப் பள்ளிக்குப் போய், மூன்றாம் படிவத்தோடு நின்று, ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு அது திரும்ப நினைவுக்கு வந்தது. வந்த பிறகு போகவில்லை. தோட்டத்தில் அண்ணனை எதிரே பார்த்தால், "என்ன அண்ணே, பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்துவிடுவேன்.

மாலை போட்டுக்கொண்டு மூன்று வாரம் பள்ளிக்கூடம் போனேன். காலில் செருப்பில்லை, முகத்தில் தாடி. பிள்ளைகள் 'சாமி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் செம்மண் சாலையில் வெறுங்காலோடு நாலைந்து கிலோமீட்டர் நடந்து பழகினேன். நீங்கள் போவதானால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். விரதம் மனதைப் பழக்கும். உள்ளங்காலை நடைதான் பழக்கும்.

பதினோரு பேர் கோலாலம்பூரில் விமானம் ஏறிக் கொச்சியில் இறங்கினோம். அங்கிருந்து வேனில் எருமேலிக்குப் போகும் வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், எனக்கு ஏதோ நம் பழைய தோட்டங்களுக்குள் போவது போலவே இருந்தது. இரண்டு பக்கமும் கித்தா மரங்கள்! கோட்டயம் வட்டாரம் முழுவதும் அப்படித்தான். பிரேசிலிலிருந்து 1876-இல் விதை லண்டனுக்குப் போய், மறுவருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அதிலிருந்து மலாயா முழுதும் பரவிய கதையை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேரளத்தில் 1902-இல் வணிகத் தோட்டம் தொடங்கிவிட்டது. நம் ஊரில் பெரும்பாலும் செம்பனையாகிப் போனது. இங்கே சிறு சிறு நிலக்காரர்கள் இன்னும் அதையே வைத்துப் பிழைக்கிறார்கள்.

தேநீருக்காக வேன் நின்ற இடத்தில் குருசாமி இறங்கி ஒரு மரத்தருகே போனார். பால் பிடிக்கப் பாதித் தேங்காய்ச் சிரட்டை கட்டியிருந்தது. மழைநீர் வெட்டில் இறங்காமலிருக்க மேலே பாவாடை மாதிரி பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். அவர் வெட்டுப்பட்ட பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தி ஆழமாப் போயிருக்கு. யாரோ அவசரக்காரன்," என்றார். "அன்னிக்குப் பால் கூடத்தான் வரும். ஆனா காயம் பட்ட இடத்துல பட்டை சரியாக் கட்டாது சாமி. முண்டு முண்டாத்தான் வளரும்."

மரம் வெட்டியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் சொன்னது சரிதானே? மற்ற சாமிகள் தலையாட்டினார்கள். நான் தேநீர்க் கடைக்குள் போய்விட்டேன்.

நெய்யையும் தேங்காயையும் விமானத்தில் கொண்டு போவது சிரமம் என்பதால், இருமுடியை எருமேலியில்தான் கட்டினோம். தேங்காயின் கண்ணைத் திறந்து, இளநீரை வடித்து, நெய் நிரப்பி அடைக்கிறார்கள். அது ஐயப்பனுக்கு, முன்முடியில் போகும். வழிக்கு வேண்டிய அரிசி, அவல், வெல்லம் முதலியவை பின்முடியில். குருசாமி இரண்டு தேங்காய்களில் நெய் நிரப்புவதைப் பார்த்தேன்.

"இன்னொன்னு யாருக்கு சாமி?"

"பையனுக்கு. அவனுக்கு லீவு கிடைக்கல," என்றார்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இருமுடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை நீங்களாகவே எடுத்து உங்கள் தலையில் வைத்துக் கொள்ள முடியாது. எங்கள் கூட்டத்தில் குருசாமிதான் ஏற்றி வைப்பார், இறக்குவதும் அவரே. வழியில் எத்தனை இடத்தில் உட்கார்ந்தாலும் அத்தனை இடத்திலும் அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். நாம் தோளில் காண்டாக் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க நடந்தவர்களின் பிள்ளைகள். அந்தச் சுமையை நாமே தூக்கிக் கொள்ளலாம். இந்தச் சுமைக்கு இன்னொருவர் கை வேண்டும்.

எருமேலியில் பேட்டை துள்ளல். ஐயப்பன் மகிஷியைக் கொன்ற இடம் அதுதான் என்பார்கள். முகத்திலும் உடம்பிலும் வண்ணப் பொடி பூசி, மரத்தால் செய்த அம்பும் கத்தியும் ஏந்தி, மேளத்தோடு ஆடிப் போக வேண்டும். கோயிலிலிருந்து நேரே எதிரிலிருக்கும் வாவர் பள்ளிவாசலுக்குப் போய், அதைச் சுற்றி வந்து காணிக்கை செலுத்தினோம். வாவர் ஐயப்பனின் தோழரான முஸ்லிம் வீரர். முதலில் எனக்கு ஆட வரவில்லை. வாத்தியார் உத்தியோகம் உடம்பை மரக்கட்டையாக்கிவிடும் போலிருக்கிறது! பக்கத்திலிருந்த ஒரு சாமி என் கன்னத்தில் ஒரு பிடி சிவப்புப் பொடியை அப்பினார். பிறகு வந்தது.

பேரூர்த்தோட்டைக் கடந்தால் ஐயப்பனின் பூங்காவனம் தொடங்குகிறது என்பது ஐதிகம். முதல் நாள் பாதை பெரிதாகச் சோதிக்கவில்லை. வீடுகள், கித்தா, மிளகுக்கொடி, ஆங்காங்கே கடைகள். கட்டன் சாயா, எலுமிச்சைச் சாறு, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கின்றன. அந்தக் கிழங்கைக் கையில் வாங்கியதும் ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கே சோறாக இருந்த கதையை என் பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. காளைகட்டியில் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் அழுதை நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சிவபெருமான் தம் காளையைக் கட்டிவிட்டு நின்று பார்த்த இடம் காளைகட்டி. கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தேன். பாதம் இரண்டும் நெருப்பாக எரிந்தன.

மறுநாள் விடியலில் நதியில் முழுகும்போது அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுமந்து ஏறி, கல்லிடும் குன்றில் போட வேண்டும். மகிஷியின் உடலைக் கல்லால் மூடியதன் நினைவு அது. சிறு கல்லே போதும். நான் கையில் பட்ட கல்லை எடுத்தேன். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கல்லைப் போடும்போது அண்ணனிடம் பேசிவிடுவது என்று மனதுக்குள் தீர்மானம் செய்துகொண்டேன்.

அழுதை ஏற்றம் என்றால் ஏற்றம்தான். நதியை விட்டுக் கரையேறியதுமே பாதை செங்குத்தாக நிமிர்கிறது. மர வேர்களே படிகள். வேரில்லாத இடத்தில் பாறை. ஒரு கை தலைச்சுமையைப் பிடித்திருக்க, மற்றொரு கையால் எதையாவது பற்றிக்கொண்டு ஏறுகிறோம். பின்னாலிருந்து யாரோ சரணம் கூப்பிடுகிறார்கள். நமக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. தாடியில் வேர்வை சொட்டுகிறது. வகுப்பில் எதிரொலி போலக் கேட்கும் என் குரல் அங்கே எனக்கே கேட்கவில்லை. குருசாமி மட்டும் ஏதோ சந்தைக்குப் போகிறவர் மாதிரி நடந்து கொண்டிருந்தார். பாறையில் கால் வைக்கும் முன்பு பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் உடம்பின் பாரத்தை மாற்றுவார். அவசரமே கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்து நானும் அப்படியே வைக்கத் தொடங்கினேன்.

கல்லிடும் குன்று வந்தது. எல்லாரும் கல்லைப் போட்டோம். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். வாய் திறந்தேன். "தண்ணி இருக்கா சாமி?" என்றுதான் வந்தது. கொடுத்தார். குடித்தேன். என்ன செய்வது! முப்பது பிள்ளைகள் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிற வாய்!

இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி என்று இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இது பெரியார் புலிகள் காப்பகத்தின் காடு. புலியை நாங்கள் பார்க்கவில்லை. பாதையோரத்தில் யானைச் சாணம் மட்டும் பார்த்தோம். ஆவி போகாத சாணம். அதன்பிறகு யாரும் பின்தங்கவில்லை! அட்டைக் கடிக்குத் தமிழ்நாட்டுச் சாமிகள் சிலர் கூச்சல் போட்டார்கள். நம் ஆட்கள் சிரித்துக் கொண்டே தட்டி விட்டார்கள். கரிவலந்தோட்டின் கரையில் அன்றிரவு தங்கினோம். பாதத்தில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. குருசாமி விளக்கு வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே என் காலை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு மஞ்சளும் எண்ணெயும் தடவினார். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். "ஆடாதீங்க சாமி," என்றார், பிள்ளையிடம் சொல்வது போல.

மூன்றாம் நாள் கரிமலை.

கரிமலை ஏற்றம் ஏழு தட்டு என்பார்கள். ஒரு தட்டு ஏறி முடித்தோம், இனிச் சமதரை என்று நினைக்கும்போது அடுத்தது தெரியும். நாலாவது தட்டுக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். உச்சியில் ஒரு கிணறு இருக்கிறது. அத்தனை உயரத்தில் தண்ணீர்! அங்கே இருமுடியை இறக்கி வைத்து உட்கார்ந்தோம். மற்ற சாமிகள் தண்ணீர் எடுக்கப் போனார்கள். நானும் அவரும் மட்டும் ஒரு மரத்தடியில்.

"சாமி, ஒன்னு சொல்லணும்," என்றேன்.

"சொல்லுங்க சாமி."

"2011-ல ரிப்போர்ட் கார்டு கொடுத்த அன்னிக்கு, பையனைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன்."

அவர் போத்தல் மூடியைத் திருகிக் கொண்டிருந்தார். கை நின்றது. ஒரு கூட்டம் சரணம் சொல்லிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அவர்கள் குரல் இறக்கத்தில் மறைகிற வரையில் அவர் பேசவில்லை.

"அதை மறந்துட்டேன்னு சொன்னா, மாலையைப் போட்டுக்கிட்டுப் பொய் சொன்னதா ஆயிடும் சாமி," என்றார். "அன்னிக்கு ராத்திரி அவன் அம்மா சாப்பிடல. பையன்தான், 'சார் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாரும்மா'ன்னு அவளைச் சமாதானம் பண்ணி உட்கார வச்சான்."

வாசகர்களே, பன்னிரண்டு வயதுப் பிள்ளை எனக்காகப் பேசியிருக்கிறான்! எட்டு ஆண்டுகளாக அது எனக்குத் தெரியாது.

"மன்னிச்சிடுங்க சாமி," என்றேன். குரல் சரியாக வரவில்லை.

"எங்கிட்ட எதுக்கு? டிராக்டர் ஓட்டுறது எனக்குக் கேவலமில்ல. அதுலதான் நாலு பிள்ளைங்களை வளர்த்தேன். சொல்றதானா அவன்கிட்ட சொல்லுங்க." எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். என் இருமுடியை இரண்டு கையாலும் தூக்கினார். "வெயில் ஏறுது. இறக்கம் ரொம்ப தூரம். தலையைக் குனியுங்க, சாமி."

குனிந்தேன்.

கரிமலை இறக்கத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லி வைக்கிறேன். ஏற்றத்தில் மூச்சுத்தான் போகும். இறக்கத்தில் முழங்கால் போகும். சரளைக் கல் காலடியில் உருளுகிறது. உடம்பின் பாரமே இறங்கும்போது எதிரியாகிவிடுகிறது. பக்கவாட்டில் திரும்பி, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு கம்பை ஊன்றி இறங்குங்கள். பெரியானை வட்டம், சிறியானை வட்டம் வந்து, பம்பை நதியின் ஓசை கேட்டபோது எங்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். ஒருவர் நான்.

பம்பையில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தின் சேதம் அப்போதும் தெரிந்தது. வெள்ளத்தைவிட என்னைச் சங்கடப்படுத்தியது வேறு. குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள் சிலர். அப்படி ஒரு விதி எந்த விரதத்திலும் இல்லை என்று எங்கள் குருசாமி சொல்வார். நம் ஊரிலிருந்து போகிறவர்களாவது துணியைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

என் நடையைப் பார்த்த ஒரு சாமி, "டோலியில போயிடலாமே," என்றார். நாலு பேர் மூங்கில் கழியில் நாற்காலியைக் கட்டித் தூக்கிப் போவார்கள். முடியாதவர்களுக்கு அது பேருதவி. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டோலிக்காரர் ஒருவர் சட்டையில்லாமல் உட்கார்ந்து பீடி பிடித்துக் கொண்டிருந்தார். அவர் தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தைப் பார்த்தேன். என் தாத்தா தோளில் காண்டா காய்த்த அதே இடம். நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீலிமலை, அப்பாச்சி மேடு, சபரி பீடம் எல்லாம் இரவில் கடந்தோம். சரங்குத்தியில் கன்னிசாமிகள் எருமேலியிலிருந்து கொண்டு வந்த மர அம்பைக் குத்தி வைக்க வேண்டும். நானும் குத்தினேன். பிறகு வரிசையில் நின்று நின்று, விடியற்காலையில் பதினெட்டாம்படி. இருமுடி இல்லாதவர்கள் அந்தப் படியில் ஏற முடியாது. பழைய கருங்கல் படிகளுக்கு 1985-இல் பஞ்சலோகத் தகடு போட்டார்களாம். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. பின்னால் தள்ளுகிறார்கள், மேலே நிற்கும் போலீஸ்காரர் கையைப் பிடித்துத் தூக்கி விடுகிறார். சந்நிதியில் கிடைத்தது சில விநாடிதான். என் மனைவி பேரைச் சொன்னேன். அதற்குள் நகர்த்திவிட்டார்கள். மூன்று நாள் நடந்து சில விநாடியா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது அது போதவில்லை என்றே தோன்றியது, பொய் சொல்லமாட்டேன்.

காலையில் தேங்காய்களை உடைத்து நெய்யபிஷேகம் முடிந்தது. அபிஷேக நெய்யைப் பகிர்ந்து சிறு போத்தல்களில் ஊற்றினார் குருசாமி. எனக்கு ஒன்று கொடுத்தார். பிறகு இன்னொன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது பையனோடது. நீங்களே கொண்டு போய்க் கொடுங்க."

ஊர் திரும்பித் தோட்டத்துக் கோயிலில் மாலை கழற்றினோம். கழற்றிய மறுநிமிடமே அவர் என்னை "சார்" என்றார். எனக்கு "அண்ணே" என்று வாய் வரச் சற்று நேரமாயிற்று.

2020 ஜனவரி முதல் ஞாயிறு. பஸ் எடுத்து ஜொகூர் பாருவுக்குப் போனேன். வழியெல்லாம், பாடக்குறிப்பு எழுதுவது போல, என்ன சொல்வதென்று வரிசைப்படுத்திக் கொண்டே போனேன். மூன்றாம் மாடியில் அறை. அவனோடு தங்கியிருந்த பையன் கதவைத் திறந்து, "நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குறான் அங்கிள்," என்றான். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் இருக்கும். கொப்புளம் ஆறிய இடத்தில் புதுத்தோல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

பிறகு அவன் வந்தான். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிப் பார்த்தான். "சார்?"

எழுந்து நின்றேன். போத்தலைக் கொடுத்தேன். வரிசைப்படுத்தி வைத்திருந்ததில் ஒன்றும் நினைவில்லை. "அன்னிக்கு உங்க அப்பா முன்னால உன்னைப் பத்தி நான் சொன்னது தப்பு," என்றேன். "அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவன் போத்தலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"ஞாபகம் இருக்கு சார்," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு முட்டி வலி இருந்துச்சே. கரிமலை எறங்கினாரா?" என்று கேட்டான்.

"இறங்கினார். என்னையும் இறக்கி விட்டார்."

அவன் கதவை அகலத் திறந்தான். "உள்ள வாங்க சார். பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனான். நான் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.